புதிதாக எழுதுகிறவர்களை எங்கே போய்த் தேடுகிறீர்கள்?

ஓசூர்_ஷிப்ட்காரன்:

வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று இருந்த கேள்வி இது. கல்லூரி நாட்களில் சுஜாதா, பாலகுமாரன், ஜெயகாந்தன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். வேலை, கல்யாணம், பிள்ளை என்று நடுவில் பன்னிரண்டு வருஷம் ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. போன வருஷம்தான் மறுபடி ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு பார்த்தால், எனக்குத் தெரிந்த எழுத்தாளர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை, மீதிப்பேர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரியில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு ரயிலேறி, சென்னைப் புத்தகக் காட்சி நடக்கிற நந்தனத்துக்கே வந்தேன். 900 சொச்சம் கடைகள், மூன்று மணி நேரம் சுற்றினேன். திரும்பிய பக்கமெல்லாம் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் அடுக்கி வைத்திருக்கிறது, இல்லையென்றால் பணக்காரன் ஆவது எப்படி. வெளியே வந்து பையைத் திறந்து பார்த்தால் ஏற்கெனவே படித்த இரண்டு சுஜாதா, பையனுக்கு ஒரு அட்லஸ், அவ்வளவுதான். சிரிப்பாக வந்தது. பஸ் கட்டணம், ரயில் கட்டணம், பஜ்ஜி எல்லாம் சேர்த்தால் அந்த அட்லஸ் எனக்கு ஆயிரம் ரூபாய்க்கு விழுந்திருக்கிறது.

அப்புறம் ரீல்ஸில் ஒரு பெண் கண் கலங்கப் பேசியதைப் பார்த்து ஒரு புதிய நாவல் வரவழைத்தேன். பெயர் வேண்டாம். 380 ரூபாய். நாற்பதாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஒரே பக்கத்தில் மூன்று தடவை ‘அவன் கண்கள் குளமாயின’. குளம், ஏரி, அணை என்று போய்க்கொண்டே இருக்குமோ என்று பயந்து மூடிவிட்டேன்.

மாதம் 500 ரூபாய் ஒதுக்க முடியும். கதையும் வேண்டும், கதை அல்லாததும் வேண்டும். தயவுசெய்து ‘படிக்க வேண்டிய 100 நூல்கள்’ மாதிரி பட்டியல் போடாதீர்கள், அது என்னிடமே நாலு இருக்கிறது. நீங்கள் ஒரு புதிய ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், அந்த வழியை மட்டும் சொல்லுங்கள்.

பில்_போடுகிறவன்:

அண்ணே, நான் சில வருஷமாக ஜனவரி ஆனால் அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து பில் போடுகிறவன். உங்களை மாதிரி ஒரு நாளைக்கு இருபது பேரைப் பார்க்கிறேன். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள், அதைக் காட்டி ‘இது இருக்கா?’ என்பார்கள், இருந்தால் வாங்கிக்கொண்டு போவார்கள், இல்லையென்றாலும் போய்விடுவார்கள். பக்கத்தில் இருக்கிற புத்தகத்தை ஒரு தடவை புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தப்பு சொல்லவில்லை, கூட்டம் அப்படி.

ஒரு விஷயம் கவனியுங்கள். தமிழில் புதிய இலக்கியப் புத்தகம் எதையாவது எடுத்துப் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள், ‘முதல் பதிப்பு: டிசம்பர்’ அல்லது ‘ஜனவரி’ என்று போட்டிருக்கும். பாதிக்கு மேல் அப்படித்தான். எல்லாமே சென்னைப் புத்தகக் காட்சியைக் கணக்குப் பண்ணி அச்சுக்குப் போகிறது. அதனால் மெய்ப்புப் பார்க்க நேரமில்லாமல் வருவதும் நிறைய, உங்கள் குளம் கேஸ் அதில் ஒன்றாக இருக்கலாம். ஜனவரியில் எல்லோரும் பேசுகிற புத்தகத்தை ஜனவரியிலேயே வாங்காதீர்கள் என்பது என் கட்சி. ஜூன் வரை பொறுங்கள். ஜூனிலும் யாராவது அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அது புத்தகம். இல்லையென்றால் அது விழா.

இப்போது நீங்கள் கேட்ட வழி. சிறுகதைத் தொகுப்பை எடுத்தால் பின் அட்டையைப் படிக்காதீர்கள். அது நண்பர்கள் எழுதியது. முன்னால் இரண்டு மூன்று பக்கம் புரட்டினால் ‘நன்றி’ என்று ஒரு பக்கம் இருக்கும். கதைகள் முதலில் எந்தெந்த இதழில் வந்தன என்று அதில் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் ஜாதகம். ஏழெட்டுக் கதை வெவ்வேறு இதழ்களில் வந்திருக்கிறது என்றால், ஏழெட்டுத் தடவை யாரோ ஒரு ஆசிரியர் உட்கார்ந்து படித்து, இது போகலாம் என்று சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் அந்த இதழின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த கதை எந்த இதழில் வந்ததோ, அதே இதழில் அதே மாதம் வேறு யார் எழுதினார்கள் என்று போய்ப் பாருங்கள். அடுத்த ஆள் அங்கேதான் இருப்பான்.

இணைய இதழ் என்றால் காசே வேண்டாம். சொல்வனம் 2009-இலிருந்து வருகிறது, பழைய இதழ் அத்தனையும் திறந்தே கிடக்கிறது. கனலி, அகழ், யாவரும், மலேசியாவிலிருந்து வருகிற வல்லினம், இப்படி நிறைய. முதலில் ஒரு கதையைப் போனிலேயே படியுங்கள், பிடித்தால் இரண்டாவது கதையைத் தேடுங்கள், இரண்டும் பிடித்தால் அப்புறம் 500 ரூபாயை எடுங்கள். நான் இப்படித்தான் செய்கிறேன். இரண்டு வருஷத்தில் தப்பாக வாங்கியது மூன்றே புத்தகம், அதிலும் ஒன்று என் முதலாளி போட்டது, வாங்காமல் இருக்க முடியாது.

பழைய_வாசகர்:

விருதுப் பட்டியலை யாரும் சொல்லவில்லையே. பட்டியல் வேண்டாம் என்று தம்பி சொன்னாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சாகித்திய அகாதெமி 2011-இலிருந்து யுவ புரஸ்கார் கொடுக்கிறது, 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும், பரிசு 50,000 ரூபாய். வருஷத்துக்குத் தமிழில் ஒரே ஒரு புத்தகம். 2025 வரை பதினைந்து. இந்தப் பதினைந்தை ஒரு வரிசையாகப் பார்த்தால் இளைய தலைமுறை எந்தப் பக்கம் போகிறது என்று ஓரளவு பிடிபடும். 2012-இல் மலர்வதியின் தூப்புக்காரி, துப்புரவு வேலை பார்க்கும் பெண்ணின் வாழ்க்கை. 2018-இல் சுனில் கிருஷ்ணனின் அம்பு படுக்கை, சிறுகதைகள், அவர் காரைக்குடியில் ஆயுர்வேத மருத்துவர். 2021-இல் கார்த்திக் பாலசுப்ரமணியனின் நட்சத்திரவாசிகள், முழுக்க ஐடி கம்பெனி நாவல். 2023-இல் நாகர்கோவில்காரர் ராம் தங்கத்தின் திருக்கார்த்தியல். எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ரீல்ஸ் பெண்ணைவிட நடுவர் குழு மேல்.

பில்_போடுகிறவன்:

ஐயா, ஒன்று மட்டும். விருது வந்த மறுநாள் அந்தப் புத்தகம் கடையில் தீர்ந்துபோகும், அதே ஆளின் அடுத்த புத்தகத்தை யாரும் கேட்க மாட்டார்கள். விருது புத்தகத்துக்கு, வாசகர் வேண்டியது ஆளுக்கு. பதினைந்து பேரில் எத்தனை பேர் அப்புறம் என்ன எழுதினார்கள் என்று யாராவது தேடியிருக்கிறார்களா? அதைத் தேடினால் நல்ல வேலை.

பழைய_வாசகர்:

அதில் நியாயம் இருக்கிறது. நானே தேடவில்லை.

கிளைநூலகம்:

500 ரூபாயைத் தொடுவதற்கு முன்னால் நூலகத்துக்குப் போங்கள் சார். நீங்கள் வீட்டுச் சொத்துவரி கட்டும்போது அதோடு 10 சதவீதம் நூலக வரி என்று சேர்த்துக் கட்டுகிறீர்கள், 1948-ஆம் வருஷச் சட்டத்தில் வந்த வரி அது. கட்டுகிறீர்கள், போய்ப் பார்ப்பதில்லை. வாடகை வீடு என்றால் உங்கள் வீட்டுக்காரர் கட்டுகிறார், அவரும் போவதில்லை.

குறை உண்டு, மறைக்கவில்லை. புதிய புத்தகம் கிளை நூலகத்துக்கு வந்து சேர நாளாகும், சில சமயம் வருஷமே ஆகும். அரசு மொத்தமாக வாங்கும்போது வந்தால்தான் உண்டு. ஆனால் அதிலேயே ஒரு நன்மை இருக்கிறது. பேச்செல்லாம் அடங்கின பிறகு வெறும் புத்தகமாக அலமாரிக்கு வருகிறது. அட்டைக்கு உள்ளே தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். யாருமே அறியாத ஒரு ஆளின் புத்தகத்தில் அந்தச் சீட்டு நிரம்பி இரண்டாவது சீட்டு ஒட்டியிருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு புத்தகம், தேனீ வளர்ப்பைப் பற்றியது, எண்பது பக்கம்கூட இருக்காது. மூலை மடிந்து, நடுவில் டீக்கறை. சீட்டில் இடமில்லாமல் பின்னட்டையில் தேதி குத்தியிருக்கிறார்கள். நான் விவசாயி இல்லை, ஒரே மூச்சில் படித்தேன்.

சென்னைக்கு வந்தால் கன்னிமாரா. 1954 சட்டப்படி இந்தியாவில் அச்சாகிற புத்தகத்தில் ஒரு பிரதி அங்கே போக வேண்டும், நாட்டில் அப்படி நாலே நூலகம்தான். எல்லாப் பதிப்பகமும் ஒழுங்காக அனுப்புகிறதா என்றால் அது வேறு கதை.

கச்சான்_கடலை:

மட்டக்களப்பிலயிருந்து எழுதுறன். மேலே எல்லோரும் நல்ல வழி சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் ‘தமிழில் புதியவர்கள்’ என்று சொல்லிப்போட்டு இராமேஸ்வரத்தோட நிற்பாட்டினால் எப்படி? எங்களுக்கு இந்தியப் புத்தகம் ஒன்று வாங்குவதென்றால் நாணய மாற்று, ஏற்றுகூலி எல்லாம் சேர்ந்து விலை யானை விலை. உங்களுக்கு எங்கட புத்தகம் கண்ணிலயே படாது. கப்பல் ஒரு பக்கம்தான் ஓடுது.

இங்கே புதிய ஆளைக் கண்டுபிடிக்கிறது எப்பவுமே சஞ்சிகையில்தான். டொமினிக் ஜீவா 1966-இல் மல்லிகையைத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்தினவர். கையில் கட்டாகத் தூக்கிக்கொண்டு வீதி வீதியாக விற்றவர். இன்றைக்குப் பெரிய ஆட்களாக இருக்கிற எத்தனையோ பேரின் முதல் கதை அதில்தான் வந்தது. இப்போது யாழ்ப்பாணத்து அல்வாயிலிருந்து ஜீவநதி வருகிறது. இதையெல்லாம் நீங்கள் அங்கேயிருந்தே படிக்கலாம், காசு வேண்டாம். நூலகம் என்ற பெயரிலேயே ஒரு இணையத்தளம் 2005-இலிருந்து இருக்குது, ஈழத்துப் புத்தகம், சஞ்சிகை, பழைய பத்திரிகை எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். அதற்குள்ளே போனால் நேரம் போகிறது தெரியாது. நான் அம்மம்மாவின் ஊரின் பெயரைப் போட்டுத் தேடப்போய், 1970களில் வந்த ஒரு பள்ளிக்கூட மலரில் ஒரு பொடியன் எழுதின கதையைப் படித்தேன். நல்ல கதை. பேரைப் போட்டுத் தேடினேன், வேறு ஒன்றும் இல்லை. அவர் பிறகு எழுதவில்லையோ, எழுத விடவில்லையோ. ‘புதிய எழுத்தாளர்’ என்றால் வயது குறைந்தவர் என்றுதானா, எனக்கு அவரும் புதியவர்தான்.

கதை அல்லாததற்கு எழுநா இணைய இதழைப் பாருங்கள். எங்கட நிலம், சாதி, பொருளாதாரம், சாப்பாடு என்று தொடர் தொடராகக் கட்டுரை வருது.

முதல்_புத்தகம்_போட்டவள்:

இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரலும் இருக்கட்டும். நான் ஒரு தொகுப்பு போட்டிருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், விளம்பரம் என்பார்கள்.

ஆறு வருஷம், பதினோரு கதை. முதல் கதையை ஓர் இணைய இதழுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு மின்னஞ்சல் வந்தது, ‘கடைசிப் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்’ என்று ஒரே வரி. எனக்குக் கோபம். அந்தப் பத்திக்காகத்தான் கதையையே எழுதியிருந்தேன். ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு எடுத்துப் பார்த்தேன், கதை அதற்கு முந்தின பத்தியிலேயே முடிந்திருந்தது. பில் போடும் தம்பி சொன்ன ‘நன்றி’ பக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரி ஒரு வரி. சம்பளம் இல்லாமல் யாரோ ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதியது.

இப்போது கணக்கு. அந்தக் காலத்தில் முதல் பதிப்பு என்றால் ஆயிரம் பிரதி போடுவார்கள். என்னுடையது நூறு. தீர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம், இப்போது தேவைக்கேற்ப அச்சடிக்கும் வசதி வந்துவிட்டதே. விலை 180 ரூபாய், ஒரு வருஷத்தில் 140 பிரதி விற்றதாகச் சொன்னார்கள். ராயல்டி பத்து சதவீதம் என்றால் 2,520 ரூபாய். அதையும் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, கேட்டால் ‘அடுத்த மாதம் மேடம்’. நூற்று நாற்பதில் முப்பதை நானே வாங்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். என் சித்தி அதை டிவி மேல் வைத்திருக்கிறாள், ரொம்பப் பெருமையாக, பிரிக்காமல்.

குறை சொல்ல எழுதவில்லை. ஓசூர் சார், நீங்கள் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறீர்கள். எங்களுக்கும் உங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. விமர்சனம் என்று வருவதில் முக்கால்வாசி நண்பர் நண்பருக்கு எழுதுவது, நானும் இரண்டு எழுதியிருக்கிறேன், பொய் சொல்லவில்லை, ஆனால் முழு உண்மையும் சொல்லவில்லை. எனக்கு இதுவரை வந்ததில் உருப்படியான கடிதம் ஒன்றே ஒன்று. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர். இரண்டாவது கதையில் நான் எழுதியிருந்த தறியில் நாடா போகும் திசை தப்பு என்று எழுதியிருந்தார். படம் வரைந்து அனுப்பியிருந்தார். அடுத்த அச்சில் திருத்திவிட்டேன். எந்தப் புத்தகமாவது பிடித்திருந்தால், பிடிக்காவிட்டாலும்கூட, நாலு வரி எழுதிப் போடுங்கள். உள்ளே பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரி இருக்கும்.

அடிக்குறிப்பு_ஆசாமி:

கதை அல்லாததைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை, ஈழத்துச் சகோதரி மட்டும் தொட்டுவிட்டுப் போனார். இதில் நன்றிப் பக்க வித்தை பலிக்காது. புத்தகத்தைப் பின்னாலிருந்து திறக்க வேண்டும். சான்று நூல் பட்டியல் இருக்கிறதா, அடிக்குறிப்பு இருக்கிறதா, பெயர்ச்சுட்டி (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற அகரவரிசை) இருக்கிறதா. தமிழில் நூற்றுக்குத் தொண்ணூறில் பெயர்ச்சுட்டி இருக்காது, அது பதிப்பகத்தின் சோம்பல், அதற்காகத் தள்ள வேண்டாம். ஆனால் வரலாறு என்று சொல்லிக்கொண்டு 300 பக்கத்தில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லை என்றால் கீழே வைத்துவிடுங்கள். வாட்ஸப்பில் வந்ததைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

உதாரணம் ஒன்று போதும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908, அதற்கு 2024-இன் சாகித்திய அகாதெமி விருது வந்தது. அவர் புதியவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் 1908 மார்ச் மாதத்தில் வ.உ.சி. கைதானதும் நெல்லை எப்படிக் கொதித்தது என்பதை ஆவணங்களை வைத்து எழுதியிருக்கிறார். அடிக்குறிப்பு எப்படிப் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே அதைப் படிக்கலாம். அதைப் படித்த கண்ணோடு புதியவர்களிடம் போங்கள், ஐந்து நிமிஷத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். நிவேதிதா லூயிஸின் முதல் பெண்கள் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். பெயரே கேள்விப்பட்டிராத பெண்களைத் தேடித் தேடி எழுதியிருக்கிறார். அதிலிருந்து ஹெர் ஸ்டோரிஸ் பதிப்பகம், அதிலிருந்து இன்னும் நாலு பேர். ஒரு புத்தகத்தின் சான்றுப் பட்டியல்தான் எனக்கு அடுத்த புத்தகக் கடை.

இன்னொன்று. தொழில் செய்கிறவர்கள் தங்கள் தொழிலைப் பற்றி எழுதுவதைத் தேடுங்கள். கிளைநூலகம் சொன்ன தேனீப் புத்தகம் மாதிரி. சித்த வைத்தியர், ஸ்தபதி, மீனவர், லாரி ஓட்டுநர் என்று யார் எழுதினாலும் நடை சுமாராகத்தான் இருக்கும், பரவாயில்லை. வேறு யாருக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும்.

ஓசூர்_ஷிப்ட்காரன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நைட் ஷிப்ட்.

முதல் வேலையாக அந்த 380 ரூபாய் நாவலை எடுத்து முன்பக்கம் பார்த்தேன். நன்றி இருக்கிறது, ஒன்றரைப் பக்கம். அம்மா, அப்பா, மனைவி, ஜிம் மாஸ்டர், முகநூல் நண்பர்கள், அட்டை வடிவமைத்தவர். சரி, நாவலுக்கு இதழ் பெயர் இருக்காதுதான். ஆனாலும் ‘படித்துத் திருத்திக் கொடுத்தவர்’ என்று ஒரு பெயர்கூட இல்லை. ஜிம் மாஸ்டர் இருக்கிறார்.

அப்புறம் ராத்திரி இரண்டு மணி டீ பிரேக்கில் இணைய இதழ் ஒன்றில் ஒரு கதை படித்தேன். கேட் பாஸ் இல்லாமல் உள்ளே மாட்டிக்கொண்ட ஓர் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றியது, நாலே பக்கம். எழுதினவர் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பக்கத்தில் இருந்தவனுக்குப் படித்துக் காட்டினேன், அவன் எந்தப் புத்தகமும் தொடாதவன், ‘இது நம்ம பி-ஷெட்டுல நடந்தது மாதிரி இருக்கே’ என்றான். அதே ஆளின் இரண்டாவது கதையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் புத்தகம் வரவில்லை போலிருக்கிறது, வந்தால் வாங்குவேன். விசைத்தறிக்காரர் மாதிரி எனக்கும் அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தக் கதையில் வருகிற சைரன் நேரம் தப்பு, பி ஷிப்ட் சைரன் அப்போது அடிக்காது.

கிளைநூலகம் சார், உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டேன். உள்ளே புத்தகம் எடுக்க வந்தவன் நான் மட்டும்தான், மீதி எல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். தேதிச் சீட்டு நிரம்பின புத்தகம் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்று கிடைத்தது, கோழி வளர்ப்பு. எடுத்து வந்திருக்கிறேன்.

பில் போடும் தம்பி, வருகிற ஜனவரியில் மறுபடி வருவேன். சின்னப் பதிப்பகங்கள் எந்தப் பக்கம் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிடு.

பில்_போடுகிறவன்:

தனிக்கடை எல்லோருக்கும் கிடைக்காது அண்ணே, நிறையப் பேர் அடுத்தவர் கடையில் ஒரு அலமாரி ஓரம் வாங்கி வைத்திருப்பார்கள். ‘எங்கள் வெளியீடுகள் இங்கே கிடைக்கும்’ என்று பேப்பரில் எழுதி ஒட்டியிருக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். டெல்லி அப்பளம் வாசம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு நேர் எதிர்ப் பக்கமாக நடந்துகொண்டே இருங்கள். கூட்டம் எங்கே குறைகிறதோ அங்கே நில்லுங்கள்.